நரியை நாம் ஏன் கொல்கின்றோம்?

நரியைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன பழமொழி எமது மொழியில் மிகக் குறைவு. நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்பர் எமது முன்னோர். காகத்தை ஏமாற்றி வடையைப் பறித்தது நரி. எட்டாத பழத்தைப் புளிக்கும் என்றதும் நரி. வேதாகமத்திலும் அதற்கு நற்பெயர் இல்லை. ஏரோது மன்னனைக் குறிக்க ஆண்டவர் இயேசு எடுத்த பெயர் நரி. சிம்சோன் முந்நூறு நரிகளைப் பிடித்து வால்களில் பந்தம் கட்டி, பெலிஸ்தியரின் விளைந்த வயல்களை எரித்த வரலாற்றை நீதித்தலைவர்கள் நூலில் காண்கிறோம்.

இவற்றைக் கேட்டு வளர்ந்த எமக்கு, பொழுதுபடும் வேளையில் குளக்கட்டுப் பக்கம் ஊளைச் சத்தம் கேட்டதும் கை தானாகவே பொல்லைத் தேடுகிறது. வன்னியில் நரி அடிபட்டுச் சாவதும், நஞ்சுண்டு சாவதும், பன்றிக்கு வைத்த சுருக்கில் அகப்பட்டுச் சாவதும் யாருக்கும் செய்தியல்ல. எனினும் இதுபற்றி ஒருமுறையேனும் ஆறுதலாக இருந்து சிந்திப்பது நல்லது. ஏனெனில் நரியைக் கொல்வதற்கு நாம் கையாளும் வழிகளால் நரியைவிட நாமே கூடுதலாக இழக்கின்றோம்.

யார் இந்த நரி?

நாயினத்தைச் சேர்ந்த காட்டுவிலங்கு இலங்கையில் நரி ஒன்றுதான். ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் வரும் செந்நிற நரி எமது தீவில் இல்லை. இங்கும் தென்னிந்தியாவிலும் வாழ்வது பொன்னரி என்னும் இனத்தின் ஒரு பிரிவு. தமிழில் நரி, சிங்களத்தில் நரியா. விஞ்ஞானிகள் இப்பிரிவுக்கு இட்ட பெயரிலும் 'நாரியா' என்ற சொல்லே உண்டு. உருவத்தில் ஊர்நாயைவிடச் சற்றுச் சிறியது. எடை பெரும்பாலும் பத்துக் கிலோவுக்குள் அடங்கும். ஆணும் பெண்ணும் சோடியாக நீண்டகாலம் சேர்ந்து வாழும். இரண்டு மாதச் சினைக்காலத்தின் பின் வளைக்குள் குட்டி ஈனும். முந்திய ஈற்றுக் குட்டிகளில் ஒன்றிரண்டு தாய் தந்தையோடு தங்கி, இளையவற்றுக்கு இரை தேடிக் கொடுப்பதும் உண்டு.

அடர்ந்த காட்டைவிட வயலும் பற்றையும் கலந்த நிலத்தையே நரி விரும்பும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் ஆகிய குளங்களின் கீழுள்ள வயல் வெளிகளும், சுண்டிக்குளம், கொக்கிளாய்க் கடலேரிக் கரைகளும் அதற்கு உகந்த இடங்கள். அது ஓர் ஊதாரி அன்று. எலி, நண்டு, தவளை, பூச்சி, விழுந்த பழம், செத்த மாடு என்று கிடைத்ததை உண்டு வயிற்றைக் கழுவும்.

போர்க்காலத்தில் நாம் ஊர்களை விட்டு ஓடினோம். 1996இல் கிளிநொச்சியிலிருந்து, 1997இல் வவுனியா வடக்கிலிருந்து, 2008இலும் 2009இலும் வன்னி முழுவதிலிருந்தும் ஓடினோம். விட்டுவந்த வயல்களும் வளவுகளும் பற்றையாகின. பற்றைக்குள் நரி வந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும் வரை கட்டங்கட்டமாக மக்கள் திரும்பியபோது, அவர்களுடைய வளவில் நரி வளை தோண்டியிருந்தது. பழைய கதைகளில் உள்ளதைவிட இந்தப் பகை புதியது.

கொல்வதற்குச் சொல்லும் காரணங்கள்

முதலாவது காரணம் கோழியும் ஆடும். திரும்பி வந்த ஒரு குடும்பத்துக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது ஐந்தாறு கோழி, அல்லது இரண்டு ஆடு. கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருக்கு அதுவே வங்கி, அதுவே பிள்ளையின் கொப்பியும் சப்பாத்தும். நூறு ஆடு உள்ளவனுக்கு ஒரு குட்டி போனால் அது நட்டம். இரண்டு ஆடு உள்ளவளுக்கு ஒரு குட்டி போனால் அது அடுத்த ஆண்டு முழுவதும் போனதாகும். ஆகவே நரிமீது வரும் கோபத்தை அறியாமை என்று எவரும் தள்ளிவிட முடியாது. நகரத்திலிருந்து வந்து விலங்குகளை நேசியுங்கள் என்று போதிப்போர் முதலில் அந்தக் கொட்டிலுக்குள் ஓர் இரவு படுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் விசர் பற்றிய பயம். இது நியாயமான பயம். விசர்நோய் நரிக்கும் வரும், நரியால் மனிதருக்கும் வரும். ஆனால் இலங்கையில் இந்நோயை மனிதருக்குக் கொண்டு வருவது பெரும்பாலும் நாயே. 1973இல் இந்நாட்டில் 377 பேர் விசர்நோயால் இறந்தனர். அண்மைக்கால ஆண்டுகளில் அத்தொகை பெரும்பாலும் நாற்பதுக்கும் குறைவு. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதும், கடிபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் ஊசி கிடைத்ததுமே இந்தப் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தன. நரியைக் கொன்றதால் அது வரவில்லை.

மூன்றாவது காரணம் நரிக்கொம்பு. நரியின் மண்டையோட்டில் சில வேளைகளில் வளரும் சிறு எலும்புப் புடைப்பையே கொம்பு என்கின்றனர். அதை வைத்திருப்பவர் நினைத்தது நடக்கும், வழக்கு வெல்லும், களவு போனாலும் தானே திரும்பி வரும் என்பது தமிழரிடமும் சிங்களவரிடமும் உள்ள பழைய நம்பிக்கை. ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கு பணியாற்றிய எமேர்சன் ரெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை விலங்குகள் பற்றிய நூலில் இந்த நம்பிக்கையைப் பதிந்துள்ளார். அரை அங்குலக் கொம்பு, மயிர்க் குடுமிக்குள் மறைந்திருக்கும் என்ற விபரமும் அதில் உண்டு. இன்றும் இதற்காக நரி கொல்லப்படுகிறது. வேறு எலும்பையும் தோலையும் ஒட்டிப் போலிக் கொம்பு செய்து விற்போரும் உளர்.

இதைச் சற்று விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. காணிப் பிணக்கில்லாத குடும்பம் வன்னியில் அரிது. உறுதி எரிந்து போனவர்கள், அனுமதிப்பத்திரம் தொலைத்தவர்கள், ஒரே காணிக்கு இருவர் உரிமை கோரும் நிலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். வழியறியாது தவிக்கும் மனிதனிடம் வழக்கு வெல்லக் கொம்பு தருகிறேன் என்று ஒருவன் வந்தால் அவன் கடன்பட்டேனும் வாங்குவான். நரிக்கொம்பு காணி உறுதி ஆகாது. உறுதி பதியப்பட்டிருந்தால் அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். கொம்புக்குக் கொடுக்கும் பணம் அலுவலகத்துக்குப் போய்வரும் பஸ் செலவுக்கு உதவட்டும்.

நான்காவது காரணம் மருந்து. நரி இறைச்சி தொய்வு நோய்க்கு நல்லது என்று நம்புவோர் உளர். இளைப்புக்கு நல்ல மருந்து ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இருக்கும்போது, நோயுள்ள காட்டுவிலங்கை உரித்துச் சமைப்பது ஆபத்தை வீட்டுக்கு அழைப்பதாகும்.

ஐந்தாவது காரணம் வேடிக்கையும் வீரமும். இது எமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் செந்நரி தென்னிந்தியாவில் இல்லாத காரணத்தால், ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரத் துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைநாய்களைத் தருவித்துக் குதிரையேறி எமது நரியைத் துரத்தினர். தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் வாழப்பாடிப் பக்கக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி வங்காநரி என்னும் சிறு நரியை வலைபோட்டுப் பிடித்து, ஊரைச் சுற்றிக் காட்டிப் பின் விடும் வழக்கம் இருந்து வருகிறது. நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும், மழை பெய்யும் என்பது அவர்களின் நம்பிக்கை. வனத்துறை அதைத் தடுத்து அபராதமும் விதித்துள்ளது. நரி ஓரிடத்தில் அதிர்ட்டம், இன்னோரிடத்தில் அபசகுனம். நரி மாறவில்லை, மனிதரின் கண்ணே மாறுகிறது.

உண்மையான கள்ளன் யார்?

கோழி காணாமற் போனால் நரிமீது பழி போடுவது எளிது. ஆனால் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தால் சாட்சி கிடைக்கும்.

நரி பெரும்பாலும் ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு பற்றைக்குள் போய்விடும். வழிநெடுக இறகு கிடக்கும். கீரி பகலில் வரும், கழுத்தைக் கடிக்கும். மரநாய் இரவில் கூரை இடுக்கால் இறங்கிப் பல கோழிகளைக் கொன்று, தலையையோ கழுத்தையோ தின்றுவிட்டுப் போகும். வெங்கிணாந்திப் பாம்பு முழுதாக விழுங்கும், இறகும் மிஞ்சாது. ஓர் இரவில் பல ஆடுகள் பின்தொடையிலும் காதிலும் கண்டபடி கிழிக்கப்பட்டு, தின்னப்படாமல் கிடந்தால் அது பெரும்பாலும் நாய்க்கூட்டத்தின் வேலை.

காலடியையும் பாருங்கள். நரியின் அடி நாயினதைவிட ஒடுங்கியது. முன்னங்காலின் நடுவிரல் இரண்டின் மெத்தைகளும் அடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். நாயின் அடியில் அவை தனித்தனியாகப் பதியும். ஈரமண்ணில் இதை எளிதாகக் காணலாம்.

நாய்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இடப்பெயர்விலும் நாம் நாய்களை விட்டுவிட்டே ஓடினோம். எசமானர் இல்லாத நாய் கூட்டமாகச் சேர்ந்தது, காட்டில் இரைதேடப் பழகியது. இன்று சந்தைகளிலும் இறைச்சிக் கடையடியிலும் பெருகித் திரியும் கட்டாக்காலி நாய்கள் ஆட்டுப்பட்டிக்கு நரியைவிடப் பெரிய எதிரி. நரி ஆட்டுக்குட்டியைப் பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. பிறந்து ஒன்றிரண்டு நாளான குட்டியை, தாய் ஈன்று களைத்திருக்கும் வேளையில் அது நிச்சயம் பிடிக்கும். வத்தகப்பழத்தையும் சோளத்தையும் கடித்து வைப்பதும் உண்டு. ஆனால் அதன் கணக்கில் அது செய்யாத களவையும் சேர்த்து எழுதுவது நியாயமன்று.

நரி செய்யும் வேலை

கணக்கின் மறுபக்கத்தையும் பார்ப்போம். வயல் வரம்பைத் துளைத்து நீரை வடியவிடும் நண்டையும், குடலைப் பருவத்தில் நெல்லை அடியோடு வெட்டும் எலியையும், மூலைக்கு மூலை வளை தோண்டும் அகழானையும் இரவிரவாகத் தேடித் தின்பது நரி. அதற்கு நாம் கூலி கொடுப்பதில்லை. நிலத்தில் கூடு வைக்கும் மயிலின் முட்டையையும் குஞ்சையும் அது உண்ணும். விதைத்த உழுந்தையும் பயற்றையும் மயில் கிளறுவதாக முறையிடும் கமக்காரர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எலி நெல்லை மட்டும் அழிப்பதில்லை. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரால் எலிக்காய்ச்சல் வரும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவிப் பல உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கவில்லை. எலியைக் குறைக்கும் எந்தப் பிராணியும் கமக்காரனுக்கு நண்பனே.

ஐரோப்பாவின் சேர்பியா நாட்டிலும் இதே பொன்னரி இனம் வாழ்கிறது. அங்கு நரிகளின் வயிற்றை ஆராய்ந்த அறிஞர்கள் 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். அந்நாட்டு நரிகள் ஆண்டுக்கு 3,700 தொன்னுக்கும் அதிகமான விலங்குக் கழிவையும், ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கும் அதிகமான எலி போன்ற பயிர்ப் பகைகளையும் தின்று தீர்க்கின்றன என்பது அவர்களின் மதிப்பீடு. வன்னி நரிக்கு அப்படிக் கணக்கெடுத்தவர் இல்லை. ஆனால் வயிறு ஒரே வயிறுதான்.

கொன்றால் குறையுமா?

அமெரிக்காவில் கொயோட்டி என்றொரு விலங்கு உண்டு. எமது நரிக்கு நெருங்கிய உறவு. செம்மறி ஆடுகளைப் பிடிக்கிறது என்று பண்ணையாளர் அதை வெறுத்தனர். தோலுக்காகவும், மான் வேட்டைக்குப் போட்டி என்பதற்காகவும், யார் கூடுதலாகச் சுட்டார் என்று பரிசு வைத்தும் அதைக் கொன்றனர். அரசாங்கத் திணைக்களமே 2018இல் மட்டும் அறுபதாயிரத்துக்கும் அதிகமான கொயோட்டிகளைக் கொன்றது. தனியார் கொன்றவை இதற்குப் புறம்பு. பலன் என்ன? முன்னர் மேற்குச் சமவெளிகளில் மட்டும் வாழ்ந்த கொயோட்டி, ஓநாய்கள் அழிந்த இடங்களிலெல்லாம் புகுந்து இன்று ஏறத்தாழ நாடு முழுவதும் பரவிவிட்டது. மூத்த சோடி கொல்லப்பட்டால் குடும்பம் சிதறி, அதுவரை குட்டி போடாத இளம் பெண் விலங்குகளும் குட்டி போடுகின்றன. இரை மிஞ்சுவதால் குட்டிகளும் கூடுதலாகத் தப்புகின்றன. கலிபோர்னியா மாநிலம் 2014இல் பரிசு வைத்துக் கொல்லும் போட்டிகளைத் தடை செய்தது.

துப்பாக்கியும் பணமும் ஆட்பலமும் உள்ள நாட்டாலேயே முடியாததைப் பொல்லாலும் நஞ்சாலும் நாம் செய்ய முடியுமா? ஓரிடத்து நரியைக் கொன்றால் அடுத்த பற்றை நரி அந்த இடத்துக்கு வரும். கூட்டின் ஓட்டை அடைபடும் வரை கோழி போய்க்கொண்டேதான் இருக்கும்.

யாரைக் கொல்கிறது அந்தப் பொறி?

செத்த கோழிக்குள் பயிர்நஞ்சை வைத்து வரம்பில் போடுகின்றனர். அதை நரி தின்னும். வீட்டு நாயும் தின்னும், பருந்தும் தின்னும். மழை பெய்தால் நஞ்சு வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து கிணற்றுக்குப் போகும். பன்றிக்கென்று இரவில் வேலியில் மின்சாரம் பாய்ச்சுகின்றனர். விடிய நேரத்தோடு தண்ணீர் கட்டப் போகும் பக்கத்து வயல்காரன் அதில் விழுகிறான். கட்டுத்துப்பாக்கி காலடி யாருடையது என்று கேட்பதில்லை, விறகுக்குப் போன பெண்ணின் காலையும் அது துளைக்கும். தீனிக்குள் வைக்கும் ஹக்கப்பட்டாஸ் என்னும் வாய்வெடியால் யானைக் கன்றுகள் வாய் கிழிந்து, நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகின்றன. மேயும் பசுவும் அதைக் கடிக்கும். கட்டுத்துப்பாக்கி, வேலிக்குத் திருட்டு மின்சாரம், வாய்வெடி ஆகிய யாவும் சட்டவிரோதமானவை. உயிர் போனால் வைத்தவர் கொலைக் குற்றத்துக்கு முகங்கொடுக்க நேரிடும். வளர்ப்பவன் சிறையிலும் வளர்க்கப்பட்டவர்கள் தெருவிலும் நிற்பதற்கு ஓர் ஆட்டுக்குட்டி விலையாகாது.

பற்றைக்குள் நரியைத் துரத்துவதும் வன்னியில் வெறும் ஓட்டமன்று. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள்ளும், துப்புரவு செய்யப்பட்டதா என்று தெரியாத இடத்துக்குள்ளும் எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்கக் கூடாது.

2018 யூன் மாதத்தில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை ஒன்று பலரைக் காயப்படுத்தியது. மக்கள் அதை அடித்துக் கொன்றனர். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது, பின்னர் கைதுகளும் நடந்தன. காயப்பட்டவர்களின் வலியை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பயமும் கோபமும் சேர்ந்து கூட்டமாகும்போது நடப்பதற்குப் பின்னர் ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டி வரும் என்பதை அந்நிகழ்வு எமக்குக் காட்டியது.

நாம் செய்யக்கூடியவை

1. பொழுதுபட முன்னர் கோழிகளைக் கூட்டில் அடையுங்கள். கூட்டை நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டுங்கள். கால்களுக்குத் தகரம் சுற்றினால் மரநாயும் ஏறாது. இரு விரல் நுழையும் இடைவெளியைக்கூட விட வேண்டாம்.

2. ஆட்டுக்குப் பரண் கொட்டில் அமைத்தால் நரிக்கும் நாய்க்கும் எட்டாது. மழைகாலத்தில் காலழுகலும் குறையும். ஈனும் ஆட்டையும் ஒரு மாதத்துக்குட்பட்ட குட்டிகளையும் இரவில் வெளியே விட வேண்டாம்.

3. அலம்பல் வேலியின் அடிப்பகுதியைப் பனைமட்டையால் இறுக்கி, அடியில் மண் அணையுங்கள். நரி வேலியைத் தாண்டுவதைவிட அடியால் தோண்டிப் புகவே முயலும்.

4. செத்த மாடு, கோழிக் குடல், மீன் கழிவு ஆகியவற்றை வளவோரம் எறியாது நாலடி ஆழத்தில் புதையுங்கள். கழிவைப் போட்டு நரியை அழைப்பதும் நாமே, பின் அடிப்பதும் நாமே.

5. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் விசர்த் தடுப்பூசி போடுங்கள். தடுப்பூசி முகாம் எப்போது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். தேவையற்ற குட்டிகளைச் சந்தையடியில் விட வேண்டாம்.

6. பட்டப்பகலில் பயமின்றி மனிதரை நெருங்கும், தள்ளாடும், வாயில் நுரை தள்ளும் நரியைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கிராம அலுவலருக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். நாயோ நரியோ கடித்தால், நகத்தால் கீறினால்கூட, காயத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் பதினைந்து நிமிடம் கழுவி உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். நோய்க்குறி தோன்றிய பின் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை.

7. காலபோக விதைப்புக்கு முன் நடைபெறும் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இவ்விடயத்தையும் பேசுங்கள். யாருடைய கொட்டில் பழுது, எந்த விதவைத் தாய்க்குக் கைகொடுக்க வேண்டும் என்று தீர்மானித்து, சிரமதானமாக ஒரு நாளில் நான்கு கூடுகளைத் திருத்திவிடலாம்.

யாருக்கு வளை, யாருக்கு வீடு?

நரிக்கும் ஒதுங்க ஒரு வளை உண்டு, தமக்கோ தலையை வைக்க இடமில்லை என்ற கருத்தில் ஆண்டவர் ஒருமுறை பேசினார். அகதியாக அலைந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். தறப்பாளின் கீழ் வாழ்ந்தோம், மரநிழலில் பிள்ளை பெற்றோம். காடாகிப்போன தங்கள் காணியில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்பதால் உள்ளே போக முடியாது தவிக்கும் குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. நரி சுதந்திரமாக உலாவும் அந்தக் காணிக்கு உரியவன் வேலிக்கு வெளியே நிற்கிறான். அவனுடைய மனம் நரிமீது கசப்பது வியப்பன்று.

ஆனால் அந்தக் காணியை எடுத்தது நரி அன்று. எமது கோபத்துக்கு உரிய முகவரி உண்டு. அது பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், பாராளுமன்றம். மனுவாகவும் ஒற்றுமையாகவும் அங்கே போக வேண்டிய கோபத்தை இரவில் எலி தேடி வரும் ஒரு பிராணிமீது இறக்கினால் காணி திரும்பி வராது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடலில் ஏழைகளின் அழுகுரலையும் பூமியின் அழுகுரலையும் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டார். வன்னியில் இது பெரிய தத்துவம் அன்று. கோழிக்கூட்டை இறுக்கிக் கட்டினால் தாய்க்கு முட்டை மிஞ்சும், வயலில் நரி திரிந்தால் தகப்பனுக்கு நெல் மிஞ்சும். இரண்டும் ஒரே வீட்டுக்குத்தான் வருகின்றன.

இந்தக் காலபோகத்துக்கு நஞ்சு வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு சுருள் கோழிவலை வாங்குங்கள். ஊளைச் சத்தம் கேட்கும்போது பொல்லை எடுக்க முன்னர் ஒருமுறை எழுந்துபோய்க் கூட்டின் கதவு கொளுவியிருக்கிறதா என்று பாருங்கள்.